ஒன்பது அங்குல யானை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் வேலையில் குறை சொன்னால் இன்னும் சீக்கிரம் வரும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு. ஐம்பது வயதாவதற்குள், இந்த வேலைக்கு இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பும் சேர்ந்திருந்தது.

கம்பெனியில் இரண்டு சாஃப்ட்வேர் இருந்தன. பொம்மை வார்க்கும் ஷெட்டில் இருந்ததில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் உயரத்தைப் பதிவு செய்வார்கள். ஆபீஸில் இருந்ததில், சூளையில் வெந்து வந்த பொம்மையின் உயரம் இருக்கும். வாங்குகிறவருக்கு அதுதானே வேண்டும்? மண் வேகும்போது சுருங்கும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். பச்சையில் ஒன்பது அங்குலம் இருக்கும் யானை, சூளையை விட்டு வரும்போது எட்டு அங்குலம்தான் இருக்கும்.

இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைக்கச் சொன்னார் முதலாளி. ஒவ்வொரு பதிவும் அப்போதைக்கப்போதே போய்ச் சேரும்படி செய்யலாம். ஆனால் ஷெட்டில் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். அதனால் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு தினம் ஒரு முறை இரண்டும் தானாக ஒத்துப்பார்த்துக்கொள்ளும்படி எழுதினேன். இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் எது நிற்பது? நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆபீஸில் இருப்பதே நிற்கட்டும் என்று விதி வைத்தேன். நான் உட்கார்ந்திருந்தது ஆபீஸில்.

இரண்டு வாரத்தில் யானைக்குப் புது அச்சு போட வேண்டியிருந்தது. அச்சு செய்கிறவர் ஷெட்டு கம்ப்யூட்டரில் இருந்த எட்டு அங்குலத்தைப் பச்சை உயரம் என்று நம்பி அச்சு போட்டார். சூளையிலிருந்து ஒரு வரிசை யானைகள் ஏழே அங்குலத்தில் வந்து நின்றன.

உயரத்தைப் பதிவு செய்வது அச்சுப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணியின் வேலை. நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை, காலேஜில் படிக்கும் ஒரே மகள். பேக்கிங் மேஜைக்கு முன்னால், எல்லாரும் பார்க்க அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பச்சை ஒயரத்தப் போடச் சொன்னா சுட்ட ஒயரத்தப் போட்டு வச்சிருக்கீங்களேம்மா.”

“ஒம்போதுன்னு அடிச்ச மாதிரிதான் சார் ஞாபகம் இருக்குது.”

“கம்ப்யூட்டர் என்ன தானா மாத்திக்குமா?”

அவர் அன்றே திருத்தினார். மறுநாள் பார்த்தால் மறுபடி எட்டு. மறுபடி திருத்தினார், மறுபடி எட்டு. குதிரை, மயில் எல்லாவற்றிலும் இதே கதை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு நாள் அவர் காதுபடவே சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

“நாளையோட நின்னுக்குறேன் சார். வேப்பூர்ல அக்கா டிபன் கடை வச்சிருக்குது. அங்க போய் மாவு ஆட்டிக் குடுத்துட்டு இருக்கேன்.”

“ஏம்மா, நான் திட்டினதுக்கா?”

“இல்ல சார், எனக்கு மறதி வந்துடுச்சு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில என்னையே யாருன்னு கேட்டாங்க. ஒரே ஒரு தடவ பக்கத்துல வந்து பாருங்க சார். எந்த எடத்துல தப்பு பண்றேன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்.”

போனேன். பாவம் என்றுதான் போனேன். அவர் பச்சை யானையை ஸ்கேலில் அளந்தார். “ஒம்போது” என்று வாய்விட்டுச் சொன்னார். ஒற்றை விரலால் ஒன்பதை அடித்தார். திரையில் ஒன்பது வந்ததா என்று என் முகத்தைப் பார்த்தார். வந்திருந்தது. சேமித்ததையும் பார்த்தேன்.

மறுநாள் காலை அங்கே எட்டு இருந்தது.

நான் எழுதிய விதியைத் திறந்து பார்த்தேன். ஷெட்டில் இருந்த ஒன்பதும் சரி, ஆபீஸில் இருந்த எட்டும் சரி. இரண்டுக்கும் உயரம் என்று ஒரே பெயர் இருந்ததால், என் விதி தினமும் அவர் அடித்ததை அழித்துவிட்டு ஆபீஸில் இருந்ததை எழுதியிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விதியை மாற்றிப் பச்சை உயரத்தையும் சுட்ட உயரத்தையும் தனித்தனியாகப் பிரிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சத்தமில்லாமல் மாற்றியதோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அப்படி விட்டுவிடலாம் என்று பதினோரு மணி டீ வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டீக்கு எல்லாரும் பேக்கிங் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அவர் எல்லாரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் அடித்ததை நான் வைத்த விதிதான் தினமும் அழித்தது என்றும் சொன்னேன்.

“அப்ப நான் ஒம்போதுன்னுதான் அடிச்சனா சார்?”

“ஒம்போதுதாம்மா. ஒவ்வொரு தடவையும்.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“வூட்ல எது எது எங்க இருக்குதுன்னு பொண்ணுகிட்ட ஒவ்வொண்ணா காட்டி வச்சேன் சார். ரேஷன் கார்டு, சிலிண்டர் புக்கு எல்லாம். நாளைக்கு எனக்கு எதுவும் தெரியாம பூட்டா அது என்ன பண்ணும்னு. ஒரு வாரமா சரியா சாப்புடல அது.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் எடுக்கிற வரைக்கும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பாப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையாம். நெசமாத்தான். சாரே சொல்லிட்டாரு.”