ஹொரேஸ் லாசரூவின் இருமல்

ஹொரேஸ் லாசரூவுக்குத் தன் பெண்டாட்டி மேலேயே பொறாமை என்றால் எங்கள் குடியிருப்பில் யாரும் நம்பமாட்டார்கள். எழுபத்து மூன்று வயதாகிறது. நாற்பத்தெட்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளைப் பார்த்து ஒரு மனுஷன் வயிறெரிவாரா? எரிந்தார். அதுவும் ஒரு கைப்பேசியால்.

மனுஷன் அதிகம் வாய் திறக்காதவர். மலாக்கா கடலோரத்தில் எங்கள் போர்த்துக்கீசியக் குடியிருப்பில்தான் பிறந்தார், வளர்ந்தார், தலை நரைத்தார். முப்பது வருஷம் நகராட்சியில் தார் ஊற்றும் வேலை. தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் கடல்தான். இடுப்பளவுத் தண்ணீரில் மூங்கில் வலையைத் தள்ளிக்கொண்டு போய்க் கூனி இறால் பிடிப்பார். தார் வேலைக்கும் பேச்சு வேண்டாம், வலைக்கும் வேண்டாம். கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போன இடத்தில்கூட அவருடைய அம்மாதான் பேசினாளாம். இவர் தட்டிலிருந்த ரவை கேக்கைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாராம்.

ஆனால் பிள்ளைகள் என்றால் உயிர். மகள் ஷெரில் சின்ன வயதில் அவர் பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு கடலில் நடப்பாள். நண்டு சமைத்தால் ஓட்டை உடைத்து, சதையைப் பிடுங்கி, அவள் தட்டில் வைத்துக்கொண்டே இருப்பார். அவள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குக் கல்யாணமாகிப் போனாள், மகன் கிளைவ் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். எங்கள் குடியிருப்பின் கொஞ்சநஞ்ச ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் வெளியே கிடக்கிறார்கள். எங்கே போனாலும் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவார்கள். வந்து வரிசையில் நிற்பார்கள். "பென்சா" என்று ஆசி கேட்டு அப்பன் கையை எடுத்து முத்தமிடுவார்கள். முதலில் அவர் கை, அப்புறம்தான் பெண்டாட்டி ஐரீன் கை. அந்த ஒரு நாளைக்கு ஹொரேஸ் ராஜா.

கொள்ளைநோய் வந்தது, அவர் ராஜாங்கம் கவிழ்ந்தது. எல்லையெல்லாம் மூடிவிட்டார்கள். வருவதும் இல்லை, போவதும் இல்லை, எல்லாம் போனில்தான். போன் ஐரீனுடையது. மகள் வாங்கி அனுப்பியது. "கடலுக்குப் போறவனுக்கு அது எதுக்கு, தண்ணியில போடவா?" என்று ஒரு காலத்தில் வேண்டாமென்றவர் இவர்தான். அதை இப்போது யாரிடம் சொல்லி அழ?

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷெரில் கூப்பிடுவாள். ஐரீன் சோபாவில் சாய்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் பேசுவாள், சிரிப்பாள், ரகசியம்போலக் குரலைத் தாழ்த்துவாள். ஹொரேஸ் எதிர்நாற்காலியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் போன் அவர் கைக்கு வரும்.

"டாடி, சாப்ட்டீங்களா?"

"ம்."

"கால் வலி?"

"இருக்கு."

"சரி டாடி, மம்மிகிட்ட குடுங்க."

அரை நிமிஷம். அவ்வளவுதான் அவர் பங்கு.

ஒருநாள் ஐரீன் பேச்சோடு பேச்சாக, ஷெரில் வீடு மாறி இரண்டு மாசமாகிறது என்றாள். ஹொரேஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கிட்ட யாரு சொன்னா?"

"நீ கேட்டியா? போனைக் குடுத்தா வாய்ல கொழுக்கட்டை. புடுங்கிட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

"நீ விட்டாத்தானே நான் பேச!"

"இன்னைக்கு நீயே பேசு. நான் தொடவே மாட்டேன், போ."

அன்று முழுப் போனும் அவர் கையில். "வீடு பெருசா?" என்று கேட்டார். "பெருசுதான் டாடி" என்றாள். அதோடு சரக்கு தீர்ந்தது. வியர்த்துப் போய் போனை ஐரீனிடம் நீட்டினார். நண்டுச் சதையைப் பிடுங்கி வைக்கிறவனுக்குப் போனில் என்ன வேலை? ஆனாலும் ஐரீன் அதை வாங்கிச் சிரிக்கத் தொடங்கியதும் ஹொரேஸ் மறுபடி சுவர்க் கடிகாரத்தை முறைக்க ஆரம்பித்தார். இவள் எங்கிருந்து கற்றாள் இவ்வளவு பேச்சு? என் மகளை என் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு போகிறாளே!

கிறிஸ்துமஸ் அன்று காலை ஹொரேஸ் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். நகம் வெட்டினார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்து வலது கையைத் தயாராக நீட்டி வைத்திருந்தார். ஷெரில் போனில் வந்தாள். "மம்மி, பென்சா!" என்று திரையில் முத்தம் வைத்தாள். ஐரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசி சொன்னாள். அதற்குள் அங்கே யாரோ விருந்தாளிகள் கதவைத் தட்ட, "மம்மி வச்சிடறேன், டாடிக்கும் என் பென்சா சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

சொல்லிடுங்களாம்! ஹொரேஸ் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று கறியைத் தொடவில்லை. ஐரீனிடம் மூன்று நாள் பேசவும் இல்லை. அவர் பேசாமல் இருப்பதை அவள் கண்டுபிடிக்கவே இரண்டு நாளாயிற்று.

ஜனவரி இரண்டாவது வாரம், ஐரீன் போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஹொரேஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இருமினார். சும்மா ஒரு இருமல்.

"யாரு இருமுறது? டாடியா? போனை டாடிகிட்ட குடுங்க மம்மி!"

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தை காதில் விழுந்தது. ஐரீன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இருபத்திரண்டு நிமிஷம்! எப்போதிலிருந்து இருமல், என்ன சாப்பிட்டீர்கள், மூச்சு எப்படி இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவருக்கு வந்தது. பதிலிலிருந்து இன்னொன்று வந்தது. பழைய காலத்தில் புயலில் மாட்டி வலையைப் பறிகொடுத்துவிட்டு வந்த கதையைக்கூடச் சொன்னார். மறுநாள் இன்னும் கொஞ்சம் பலமாக இருமினார். மூன்றாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வாசனை தெரியுதா டாடி?" என்று ஷெரில் கேட்டபோது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், "பிளாச்சான் வறுத்தாகூட தெரியல" என்று அடித்துவிட்டார்.

கூனியை இடித்துக் காயவைத்த பிளாச்சானை அடுப்பில் போட்டால் ஐந்து தெருவுக்கும் தெரியும். எங்கள் ஆள் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவில்லை என்றால் காரியம் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஷெரில் அலறியடித்துக்கொண்டு சுகாதார இலாகாவுக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை வெள்ளை உடுப்பில் தலையோடு கால் மூடிக்கொண்டு நான்கு பேர் வந்து இறங்கினார்கள். தெருவே சன்னலில் நின்றது. ஹொரேஸ் மூக்கில் குச்சி விட்டார்கள். கூட இருக்கிறவள் என்று ஐரீன் மூக்கிலும் விட்டார்கள்.

முடிவு வந்தது. இருமியவருக்கு ஒன்றுமில்லை. இருமாத ஐரீனுக்கு இருந்தது.

இரண்டு நாளாக அவளுக்கு உடம்பு அசதியாம். வயதாகிறது என்று நினைத்தாளாம். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு, போனை மட்டும் ஹொரேஸ் கையில் வைத்தாள்.

"இதை எதுக்கு வச்சிட்டுப் போற?"

"பிள்ளைங்க கூப்பிடுவாங்க. சார்ஜ் போட மறந்துராத கிழவா."

அவர் கைமணிக்கட்டில் ஒரு ரோஜாநிறப் பட்டையை மாட்டி, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மெர்லின் கேட்டில் சோற்றுப் பொட்டலம் தொங்கவிட்டு, "அங்கிள், சாப்பிடுங்க" என்று கத்திவிட்டு ஓடுவாள்.

ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. போன் முழுக்க அவருக்கே. ஷெரில் காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில் கூப்பிட்டாள். கிளைவும் கூப்பிட்டான். அரைமணி, ஒருமணி. ஆனால் பேச்செல்லாம் மம்மி, மம்மி, மம்மி. மம்மிக்கு ஆக்சிஜன் எவ்வளவு? டாக்டர் என்ன சொன்னார்? ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் அவளே ஜெயிக்கிறாளே என்று ஒரு கணம் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று அடுத்த கணமே தலையில் அடித்துக்கொண்டார். எதிரே அந்தக் காலி சோபாவைப் பார்க்க முடியாமல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆறாம் நாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான்தான். நர்ஸோட போன். எனக்கு இந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்." ஐரீன் குரல் மூச்சுக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

"எப்படி இருக்க? ஷெரில் காலையிலகூடக் கேட்டா, கிளைவும்…"

"அவங்கள விடு. நீ சாப்ட்டியா?"

ஹொரேஸால் தாங்க முடியவில்லை. "ஐரீன், அது பொய் இருமல். நான் சும்மாத்தான் இருமுனேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ நெஜமா இருமுனா குனிஞ்சுக்குவ. அன்னைக்கு நிமிந்து உக்காந்து, என் கையில இருக்கிற போனையே பாத்துக்கிட்டு இருமுன."

"அப்ப அவகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா போனைத் திருப்பி எங்கிட்டல்ல குடுக்கச் சொல்லுவா. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வலையைப் பறிகொடுத்த கதை… அது எனக்கே தெரியாது ஹொரேஸ். நாப்பத்தெட்டு வருஷத்துல எங்கிட்ட ஒருநாள் அப்படிப் பேசியிருக்கியா? எனக்கு எவ்வளவு பொறாமையா இருந்துச்சு தெரியுமா?"

ஹொரேஸ் நாற்காலியை மறுபடி சோபாப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"இப்பப் பேசு," என்றாள் ஐரீன். "நர்ஸ் ரெண்டு நிமிஷம்தான் குடுத்திருக்கா."

அதில் ஒன்றரை நிமிஷத்தை ஹொரேஸ் அழுதே தீர்த்தார்.