பெயர் எழுதாத பந்து

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளின் உதைபந்து போன கிழமை வெடித்துவிட்டது. புதியது வாங்க வழியில்லாமல் பயிற்சி நின்றுபோனது. உதவி கேட்டு இதே முகநூல் பக்கத்தில்தான் எழுதியிருந்தேன்.

இன்று காலை மினிபஸ்ஸில், மீன் விற்கும் மேரி அக்கா பக்கத்தில் வந்து இருந்தார். அவருடைய மகளும் எங்கள் அணியில் விளையாடுகிறாள். பையிலிருந்து புதுப் பந்தொன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.



"உபயம் எண்டு உங்கடை பேரை எழுதிவிடட்டோ அக்கா?" என்றேன். வகுப்பு மேசை, மின்விசிறி எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதுகிறோம்.

"வேண்டாம் ரீச்சர். தாயின்ரை பேரிலை கால் படும் எண்டு அவள் உதைக்கமாட்டாள்."

பின்னேரம் அவள் உதைத்த முதல் உதையிலேயே பந்து மதிலைத் தாண்டிப் போனது. எல்லோரும் சிரித்துக்கொண்டே எடுக்க ஓடினார்கள்.

இனி கோல் கம்பத்துக்கு ஒரு வலை வேண்டும். தருகிறவர் பெயரைத் தாராளமாக எழுதலாம், அதில் கால் படாது.