கொட்டகையில் பிடிபட்ட எலி

வேகத்தைக் கூட்டிய நாளிலிருந்து சுப்பராயர் வீட்டு இன்டர்நெட் அடிக்கடி படுத்துக்கொண்டது. மனைவி நாகவேணியின் ஆன்லைன் டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். சாகர் டவுனிலிருந்து டெலிபோன் லைன்மேன் கணபய்யா வந்தார். முப்பது வருஷ சர்வீஸ்காரர்; மோடத்தை முதலில் தொடமாட்டார். கம்பத்திலிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே நடப்பார். அன்று பாக்குக் கொட்டகையில் போய் நின்றார். உள்ளே, வீட்டு லைனிலிருந்து பிரிந்து வந்த ஒயரின் முனையில் ஒரு பழைய போன். மனைவியும் மச்சினியும் போனில் பேசும் ஊர்வம்பை ஒட்டுக்கேட்க, ராயர் திருட்டுத்தனமாய் இழுத்த ஒயர் அது.

கூடவே வந்த ராயருக்கு வேர்த்தது.

“பழைய வேகம் இதைப் பொறுத்துக்கிச்சு ராயரே, புதுசு பொறுக்காது,” என்று கணபய்யா ஒயரை நறுக்கினார்.

“என்ன கோளாறுண்ணா?” என்று வந்தாள் நாகவேணி.

“எலிம்மா. நல்லாக் கொழுத்த எலி. இனிமே வராது.”

அன்று வகுப்பு ஒருதரம்கூட அறுபடவில்லை. கணபய்யாவின் வண்டியில் பெரிய பலாப்பழத்தைக் கட்டிவிட்ட ராயர், வண்டி மறையும்வரை கும்பிட்ட கையை இறக்கவில்லை.