தலை திருப்பும் கமராவும் தொப்பி போடாத ஆயாவும்

முதலில் கேட்பது ஒரு சத்தம்: கிர்ர். இருட்டுக்குக் கண் பழகின பிறகுதான், தொட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கும் கமரா தன் தலையை என் பக்கம் திருப்பியிருப்பது தெரியும். இரவு ஆயா வேலையில் குழந்தையைப் பார்ப்பது பாதி, பார்க்கப்படுவது மீதி.

பெற்றோல் செற்றில் இரவில் நிற்பவர்கள், பேக்கரியில் மா பிசைபவர்கள், ஆஸ்பத்திரியில் நிலம் துடைப்பவர்கள், உங்களுக்கெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. ஊர் எழும்பும்போது திரைச்சீலையை இழுத்து மூடிப் படுக்கிற கூட்டம் நாங்கள். லண்டன் வெயிலை நான் பல வருடமாக பஸ் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் அரைக் கண்ணால். அதனால்தான் வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டில், "கொஞ்ச நாள் இரவில பாருங்கோ, சரிவந்தா நான் வேலைக்குத் திரும்பேக்கை பகலுக்கும் உங்களையே வைச்சிருக்கிறன்" என்று சொன்னபோது, சம்பளம் எவ்வளவென்றுகூடக் கேட்காமல் தலையை ஆட்டினேன். பகல் வேலை. மற்ற மனிசரைப்போல இருட்டினால் படுக்கலாம்.

அன்ரிக்கு எப்படிச் சொல்வது

அப்படிச் சொன்ன தர்ஷி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், சட்டத்தரணி. கணவன் பிரதாப்புக்குக் கணினியில் வேலை. ஆறு வயதில் நிலா, கைக்குழந்தையாக ஒரு தம்பி. வெள்ளைக்கார வீடுகளில் நான் வெறும் "நானி". அங்கே எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். தர்ஷி முதல் நாளே என்னை "அன்ரி" என்று கூப்பிட்டுவிட்டாள். எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. அன்ரி என்று கூப்பிட்ட வாயால் "இப்பிடிச் செய்யாதேங்கோ" என்று சொல்ல வராது. வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அவள் கமராவில் பார்த்துக்கொண்டாள்.

ஒரு காலை, வழக்கமில்லாமல் எனக்கு ரீ போட்டுத் தந்தாள். இடுப்பு நோ எப்படி என்று விசாரித்தாள். ஊரில் ஆர் இருக்கினம் என்று கேட்டாள். பிஸ்கட் தட்டும் வந்தது. எனக்கு ஐமிச்சம் தட்டிவிட்டது. காரணமில்லாமல் பிஸ்கட் வராது. கடைசியில் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்டுமில்லை அன்ரி, சும்மா கேக்கிறன். நேற்றுப் பாலைக் கையில விட்டுச் சூடு பார்த்தனீங்கள் தானே? கமராவில உங்கட முதுகு மறைச்சுப் போட்டுது."

கோட்டுப் பைக்குள்

தொப்பியும் குடையுமாகக் காற்றில் வந்து இறங்கி, பைக்குள்ளிருந்து இல்லாததெல்லாம் எடுக்கிற அந்த இங்கிலிஷ் ஆயாக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வரிசையாகப் புத்தகங்கள், பிறகு ஒரு படம், கனகாலம் கழித்து இன்னொரு படம். இந்த ஊரில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் எனக்கு முதல் போய் இருந்துகொண்டிருப்பாள். நிலாவின் அறையிலும் இருந்தாள், சுவரில், தொப்பியோடு.

நிலாவுக்கு என்மேல் தாயைவிடப் பெரிய சந்தேகம். தொப்பி இல்லை, பாட்டு இல்லை, வருவதோ பஸ்ஸில். ஒரு மாலை, நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் என் கோட்டுப் பைகளைக் கவிழ்த்து எல்லாவற்றையும் கம்பளத்தில் பரப்பிவிட்டாள். பஸ் கார்ட், பாதி பனடோல் மட்டை, ஒற்றைக் கையுறை, சின்னப் போத்தலில் ஓமத் தண்ணீர். போத்தலைத்தான் பிடித்துக்கொண்டாள். மூடியைத் திறந்து மணந்தவள் முகத்தைச் சுளித்தபடி தாயிடம் ஓடினாள். தர்ஷியும் மணந்தாள்.

"அன்ரி, இது தம்பிக்கு இல்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை, என்ர வயித்துக்கு. இரவில முழிச்சா குத்தும்."

தர்ஷி இன்னொருமுறை மணந்துபார்த்தாள். நிலா எனக்கும் கேட்கிற மாதிரித் தீர்ப்புச் சொன்னாள்: "அம்மா, இவா உண்மையான நானி இல்லை. உண்மையான நானிக்கு வயித்துக்குத்து வராது."

புத்தகமும் படமும்

அந்தப் புத்தகங்களை நான் படத்துக்கு முந்தியே அறிவேன். இடம்பெயர்வோடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். இங்கே வந்து கடையில் இரவில் பெட்டி அடுக்கிய காலத்தில், நூலகத்தின் சிறுவர் பகுதியில் குட்டிக் கதிரையில் குந்தியிருந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஆயாவிடம்தான் இங்கிலிஷ் படித்தேன். புத்தகத்து ஆயா கடுகடுத்தவள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டாள். அவளைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயம், அதனாலேயே அவளைப் போகவிடவும் மனமில்லை. பிறகு படத்தைப் பார்த்தபோது, ஆரோ தெரியாத பெண்பிள்ளை அவளுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறதுபோல இருந்தது. என்னை வேலைக்கு வைக்கிறவர்களெல்லாம் அந்தச் சிரிக்கிறவளைத்தான் தேடுகிறார்கள்.

நிலாவுக்குப் படம் மனப்பாடம். படுக்கைக்கு முன் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வாள்; நான் வாசிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பாளே தவிரப் படங்களைப் பார்க்கமாட்டாள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, முடிவில் ஆயா போய்விடுவாளா என்று கேட்டாள். எல்லாப் புத்தகத்திலும் போவாள் என்றேன். ஏன் போகிறாள் என்றாள். வீடு சரியாகிவிட்டால் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று, அரை நித்திரையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். நிலா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "அப்ப வீட்டில ஆராவது ஒராள் சரியில்லாட்டி அவா போகமாட்டா, என்ன?"

விடியப்புற அழுகை

அதற்குப் பிறகுதான் தம்பி விடியப்புறத்தில் அழத் தொடங்கினான். இரவு முழுக்க அடித்துப்போட்டதுபோலக் கிடப்பான். வெளிச்சம் வரும் நேரம் நான் போத்தல்களைக் கழுவி அவிக்கக் கீழே குசினிக்கு இறங்குவேன். கேத்தில் கொதிக்க முன்னமே மேலே வீரிட்டு அழுவான். ஓடிப்போனால், நனையவும் இல்லை, பசியும் இல்லை. கமரா மட்டும் கிர்ரென்று தலையைத் திருப்பிச் சுவரைப் பார்க்கும், தனக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி.

தர்ஷியின் கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏறியது. பிரதாப் என்னைக் கண்டால் ரெலிபோனைப் பார்க்கத் தொடங்கினான். பகலுக்கு வைக்கிற கதையை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கோ வேறு ஐமிச்சம். கமராவுக்குள்ளால் பேசலாம் என்று எனக்குத் தெரியும். தாயே பிள்ளையை எழுப்பி, நான் எவ்வளவு கெதியில் ஓடிவருகிறேன் என்று சோதிக்கிறாளோ? இந்தத் தொழிலில் என்னைச் சேர்த்துவிட்ட குட்மேய்ஸில் இருக்கிற பவளமக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவ முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னா: "எடியே, கமரா வைச்ச வீட்டில கள்ளன் ஆரெண்டு கடைசியாத்தான் தெரியவரும். நீ கேத்திலைப் போட்டிட்டுக் கதவுக்குப் பின்னால நில்."

கதவுக்குப் பின்னால்

அப்படியே செய்தேன். கேத்திலைப் போட்டுவிட்டுக் காலடிச் சத்தம் கேட்காமல் படியேறி, பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்றேன். தம்பி வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. கிர்ர். கமரா அறையை ஒரு சுற்றுப் பார்த்தது, கதிரை வெறுமையாக இருப்பதைக் கண்டது, தொட்டில் பக்கம் குனிந்தது. பிறகு அதற்குள்ளிருந்து மூச்சு. பிறகு குரல், இங்கிலிஷில். "தம்பி" என்ற சொல் மட்டும் தமிழ்.

"தம்பி, எழும்பு. தம்பி, அழு. நீ நல்ல பிள்ளையா இருந்தா அன்ரி போயிடுவா."

தம்பி அழுதான். அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். நிலா போர்வைக்குள்ளே, தொட்டில் தெரிகிற தகப்பனின் ரப்லெட் வெளிச்சத்தில், பிடிபட்ட முகத்தோடு. நான் ஏசவில்லை. தம்பிக்கு நித்திரை வேணும், அம்மாவுக்கும் வேணும், நான் பகலில் வரப்போகிறேன், நீ இனி இதைத் தொடக்கூடாது என்றேன். பகல் என்று சொல்லும்போது எனக்கே வாய் இனித்தது. ரப்லெட்டை என்னிடம் தந்துவிட்டு அவள் கேட்டாள்: "பகல்ல வாறதெண்டு அம்மா சொன்னவவோ, இல்லாட்டி நீங்கள் நினைக்கிறீங்களோ?"

வீடு சரியாகிவிட்டது

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ரப்லெட்டைத் தகப்பனின் மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். தம்பி அன்றிலிருந்து விடிந்து வெயில் முகத்தில் படும்வரைக்கும் தூங்கினான். தர்ஷியின் கண் தெளிந்தது. பிரதாப் என்னைக் கண்டால் சிரித்தான், படத்திலே வருகிற தகப்பனைப்போல.

வெள்ளிக்கிழமைக் காலை ரீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. இடுப்பு நோ எப்படி என்று கேட்டாள். பிஸ்கட்டைத் தொடமுதலே எனக்கு விளங்கிவிட்டது.

"அன்ரி, தம்பி இப்ப தன்ர பாட்டில நித்திரை கொள்ளுறான். உங்களை ஏன் இனியும் இரவில முழிக்கவைச்சுக் கஷ்டப்படுத்துவான் எண்டு இவர் சொல்லுறார்."

"பகலுக்கு?"

"பகலுக்கு நேர்சரியில திடீரெண்டு ஒரு இடம் கிடைச்சிட்டுது. அங்க ஒவ்வொரு மணித்தியாலமும் படம் எடுத்து அனுப்புவினம். குறை நினைக்காதேங்கோ. அம்மனாணை உங்களை நான் வேலைக்காரரா நினைச்சதில்லை."

அவள் அப்படி நினைத்திருந்தால் எனக்குப் பகல் வேலை கிடைத்திருக்கலாம். படியில் பள்ளிக்கூடப் பையோடு நிலா நின்றிருந்தாள். அழவில்லை. ரப்லெட்டைத் தந்த அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள். "நான் சொன்னனான் எல்லோ அன்ரி."

அந்த ஆயாவைப் பற்றி இத்தனை புத்தகம் எழுதியும் இத்தனை படம் எடுத்தும், அவள் போகிற காலையில் அந்த வீட்டுப் பால்போத்தல்களைக் கழுவியது ஆரென்று ஒருவரும் காட்டவில்லையே என்று நினைத்தபடி, சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைத் திறந்தேன்.