ஜரிகையும் ஒரு கலவைதான்

குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளி எழுத்தர் போன் செய்தார். "டீச்சர், ஏகாம்பரம் சார் போயிட்டாரு. நெஞ்சு வலின்னு கூட்டிக்கினு போனாங்களாம், வழியிலேயே முடிஞ்சிடுச்சாம்." ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம்தான் பள்ளிப் பக்கம் வந்து, ஆய்வகப் புட்டிகளில் பெயர்ச்சீட்டு உரிந்து கிடக்கிறது என்று என்னைக் கடிந்துகொண்டு போனார்.

அவர் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள்; அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? பல வருடங்கள் ஒரே பள்ளியில் நாங்கள் இருவரும் அறிவியல் ஆசிரியர்கள். ஒன்பதாம் வகுப்பில் 'அ' பிரிவு அவருக்கு, 'ஆ' பிரிவு எனக்கு. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட வாய் திறக்காது. அவர் வகுப்போ சந்தைக்கடை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் நடத்துவேன்.

பருப்பொருளின் மூன்று நிலைகளையும் புத்தகத்திலிருக்கும் படத்தை வரைந்து முடித்துவிடுகிறவள் நான். அவர் கருட சேவைக் கூட்டத்தையே வகுப்புக்குள் கொண்டுவருவார். "கோபுர வாசல்ல நவுர எடமில்லாம நெருக்கிக்கினு நிக்கிறீங்களே, அது திண்மம். குடை நவுந்ததும் கூடவே தெரு வழியா வழிஞ்சிக்கினு போறீங்க, அது திரவம். மழை கொட்டிச்சின்னா ஆளுக்கொரு பக்கம், அது வாயு. ஜனம் அதே ஜனந்தாம்பா." என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்துவிடும். எனக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

தனிமம், சேர்மம் முடிந்து கலவைக்கு வரும்போது ஒரு முழம் ஜரிகையை எடுப்பார். நகத்தால் நெருடிப் பிரித்து, உள்ளே பட்டு நூல், அதன்மேல் சுற்றிய வெள்ளி, அதில் கொஞ்சம் செம்பு, எல்லாவற்றுக்கும் மேலே பொன் முலாம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். "பாக்க ஒரே நூலு. உள்ள நாலு பேரு குடியிருக்கான். ஒருத்தனும் தன் கொணத்த விடல" என்பார்.

முழு ஆண்டுத் தேர்வில் அவர் பிரிவின் தாள்களை நானும் என் பிரிவின் தாள்களை அவரும் திருத்துவது வழக்கம். ஒரு வருடம், கலவைக்கு எடுத்துக்காட்டு தருக என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு, நெசவாளர் வீட்டுப் பெண் கோமதி 'ஜரிகை' என்று எழுதியிருந்தாள். புத்தகத்தில் காற்று இருந்தது, மணலும் உப்பும் இருந்தன, ஜரிகை இல்லை. சிவப்பு மையால் அடித்தேன். கூட்டிப் பார்த்தால் முப்பத்துநாலு. தேர்ச்சிக்கு ஒன்று குறைவு.

பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் என்னிடம் வந்தார். ஒரு வருடம் தங்கினால் அந்தப் பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுவார்கள், அவள் அப்பா முன்பே சொல்லிவிட்டார் என்றார். அவள் விடை சரிதான் என்றும் சொன்னார். புத்தகத்தில் இல்லாததற்கு எப்படி சார் மார்க் போடுவது என்று கேட்டேன்.

"புத்தகத்துல இல்லதான் டீச்சர். அவ வீட்டுல இருக்குதே."

அப்போதும் நான் மசியவில்லை. சட்டம் பேசினேன், இன்றைக்கு ஒன்றை விட்டால் நாளைக்கு ஊரே கேட்கும் என்றேன். நான் கையெழுத்திட்ட தாளில் அவர் கைவைக்கவில்லை. கோமதி மறுபடி பள்ளிக்கு வரவில்லை. ஒரு மார்க்கில் என்ன இருக்கிறது, அந்தக் குடும்பம் எப்படியும் நிறுத்தியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு பத்து வருடத்துக்கு மேல் தினமும் அவரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செய்தி வந்த அன்று ஓரிக்கையில் அவர் வீட்டுக்குப் போனபோது, உடலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, கோமதி. இடுப்பில் ஒரு குழந்தை. தறியில்தான் இருக்கிறாளாம். சாரை இவ்வளவு நாள் மறக்கவில்லையா என்று ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டேன்.

"எப்படி டீச்சர் மறப்பேன்? நான் ஃபெயிலானப்ப வீட்டாண்ட வந்தாரு. 'உன் விடை சரிதாம்மா, நாந்தான் பாக்காம அடிச்சிட்டேன், பட்டியலும் மேல போயிடுச்சி, என்ன மன்னிச்சிடு'ன்னு எங்கப்பா முன்னாடி கைகூப்பினு நின்னாரு. அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினாரு. சார் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அப்பா என்ன மறுபடி ஸ்கூலுக்கு அனுப்பல, அது வேற. ஆனா நான் எழுதினது தப்பில்லன்னு எனக்குத் தெரிஞ்சிது பாருங்க."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தை ஒருமுறை பார்த்தேன், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். பாவி, அப்போதும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

உங்களில் பலர் அவருடைய வகுப்புகளையும் சிரிப்பையும் நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கு அந்த உரிமை இல்லை. இதை உங்களுக்குத் தருவதற்கு முன்பு கோமதி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவளிடம் இதுவரை எழுதியது முழுவதையும் படித்துக் காட்டினேன். உன் விடையை அடித்தவர் ஏகாம்பரம் சார் இல்லை, நான்தான் என்றேன். அவள் குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். பிறகு, "அப்ப சார எங்கப்பா திட்டினதெல்லாம்?" என்று கேட்டாள்.

அந்தத் திட்டெல்லாம் என்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.