லொறிக்கு வார்த்த தண்ணீர்

லொறி எஞ்சினைப் பற்றி மாமாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். எல்லோரையும்விட அதிகமாக மாமாவே நம்பினார். அம்மாவின் தம்பியான அவர் யாழ்ப்பாணத்தில் லொறிக் கராஜ் வைத்திருந்தவர். எண்பதுகளின் நடுவில் அவர் ஜெர்மன் பேசும் குளிர் ஊரான கூருக்கு எங்களிடம் வந்து சேர்ந்ததும், அப்பா தான் வேலை செய்த மரக்கறி மொத்த வியாபாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவரையும் சேர்த்துவிட்டார். எங்களுக்கு இந்த நாட்டில் இருக்கலாம் என்ற கடிதம் வந்திருந்தது. மாமாவின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. கையில் ஒழுங்கான வேலை இருந்தால்தான் அவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. அதற்காகவே வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்தார்.

அந்த வருடக் குளிரில் டீசல் லொறி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தது. முதலாளி எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அதை எஞ்சின் புளொக்கில் பொருத்தி, அதன் வயரை முன்பக்கத்தால் வெளியே எடுத்து, சுவரில் பிளக்கைச் செருக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மாமா அந்த வேலையில் இறங்கினார். அப்பா கிடங்குக்குள் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தபடியால், ஒன்பது வயதுப் பெண்பிள்ளையான நான் மாமாவோடு நின்றேன்.

ஹீட்டரைப் பூட்டுவதற்கு முதலில் எஞ்சினில் இருந்த தண்ணீரை இறக்க வேண்டும். அது கடும் பச்சையாக வந்தது. மாமா முகத்தைச் சுளித்தார்.

"பார் பிள்ளை, பாசி பிடிச்சுக் கிடக்கு. இவங்கள் ஒருநாளும் கழுவேல்லைப் போல."

பச்சையைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றிவிட்டு நல்ல தண்ணீர் கேட்டார். பூவாளியில் பிடித்து ஐந்து தடவை நான் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பிளக்கைச் செருகி, சற்று நேரம் கழித்து என் கையை எஞ்சினில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது. எங்கள் இருவருக்கும் பெருமை பிடிபடவில்லை. திங்கள் விடிய முதலாளி வந்து செருகிக்கொள்வார் என்று பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டிக் கட்டினார்.

திங்கள் மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த என்னை அப்பா கையோடு லொறி நின்ற முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அவருக்கும் மாமாவுக்கும் ஜெர்மன் போதாது. எஞ்சின் புளொக்கில் நீளமாக ஒரு வெடிப்பு. முதலாளி கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். அந்தப் பச்சை பாசியல்ல, தண்ணீர் உறையாமல் இருக்கக் கலக்கும் மருந்து என்றார். வெறும் தண்ணீர் இரண்டு இரவில் பனிக்கட்டியாகி இரும்பைப் பிளந்துவிட்டதாம். பிறகு, யார் ஊற்றியது என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தமிழில் சொன்னேன்.

"அத்தான்..." என்று மாமா வாயெடுத்தார். அப்பா அவர் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

"நான்தான் எண்டு சொல்லு பிள்ளை. எனக்கு வேற வேலை எடுக்கலாம்."

அப்பாதான் ஊற்றினார் என்று ஜெர்மனில் சொன்னேன். முதலாளி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவை இனி வரவேண்டாம் என்றார்.

பின்னேரம் அப்பாவிடம் அழுதுகொண்டு போனேன். "அப்பா, தண்ணி கொண்டுவந்து குடுத்தது நான்தான்."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?" என்றார்.

நான் மூச்சுவிடவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்பா பொய் சொன்னார் என்று முழுமனதாக நம்பினேன். அவர் ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவப் போனார். வெடித்த விரல்களுக்கு அம்மா எண்ணெய் பூசும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் எழும்பிப் போய்விடுவேன்.

இன்னும் கடிதம் வராத மாமா அந்த வியாபாரியிடமே தொடர்ந்து வேலை செய்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார், என்னோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். தண்ணீர் அள்ளிக் கொடுத்து அப்பாவின் வேலையைக் கெடுத்தேனே என்று அவருக்கு என்னில் கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.