நாகையா கட்டின பாட்டு

நாகையா எங்க சின்னம்மா மகள் அய்யம்மாளைக் கட்டினவன். ஏழாயிரம்பண்ணையில் யாருக்கு யார் என்ன முறை என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். முறை என்றால் என்னவென்றே மறந்துபோனவன் அவன் ஒருத்தன்தான்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. சுனாமி வந்த மறு வருசம், நாற்பத்தஞ்சு தாண்டினதும், அவனுக்கு என்னவோ ஆச்சு. கண்ணாடி முன்னால் நின்று, தலையில் இருப்பது நரையா மருந்துப் பொடியா என்று தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பான். மகளையும் கட்டிக்கொடுத்தாச்சு, இனி நமக்கு என்ன இருக்கு என்று கண்டவனிடமெல்லாம் கேட்டான். அதையே பாட்டாகவும் கட்டி, கம்பெனி வேனில் பாடினான்.

"பாதி வயசு மருந்துல போச்சு
மீதி வயச யாருக்குக் குடுக்க?"

வேனில் ஒருத்தர் பாடினால் இன்னொருத்தர் எதிர்ப்பாட்டு எடுக்கணும். எடுத்தவள் ஞானசுந்தரி. அய்யம்மாளின் பெரியப்பா மகள், புருசனைப் பறிகொடுத்தவள், அதே கம்பெனியில் திரி கட்டுகிறாள். நாகையாவுக்குக் கொழுந்தியா.

"எனக்குக் குடு மச்சான் மீதி வயச
முந்திச் சேலையில முடிஞ்சுக்கிறேன்."

வேனே சிரித்தது. மச்சானைக் கொழுந்தியா கேலி பண்ணாமல் வேறு யார் பண்ணுவார்கள்? நாகையா மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே விருதுநகர் போய்த் தலைச்சாயமும் ஜீன்ஸ் பேண்டும் வாங்கிவந்தான். அவளும் தினம் பாடினாள்.

பங்குனிப் பொங்கல் முடிந்து மஞ்சத்தண்ணி ஊத்துகிற அன்று, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, சுந்தரியோடு திருப்பூர் போய்ப் பிழைக்கப்போகிறேன் என்று அய்யம்மாளிடம் சொன்னான். அவள் அழவில்லை. சுந்தரி சரி சொன்னாளா என்று மட்டும் கேட்டாள். அதான் தினம் பாடுகிறாளே என்றான்.

தெருவில் முறைக்காரர்களை விரட்டி விரட்டி ஊத்திக்கொண்டிருந்த சுந்தரியிடம் போய், எல்லோருக்கும் கேட்க, கிளம்பு என்றான். அவள் குடத்தோடு நின்றுவிட்டாள்.

"ஏ மச்சான், முறைக்குப் பாடுனதுக்குப் பையத் தூக்கிட்டா வருவீக? நம்ம தெருக் காசிராஜன் மச்சானுக்குந்தான் பாடுனேன். பல்லுப் போனாலும் அவரு புத்தியோட வீட்ல இருக்காரு."

குடத்தை அவன் தலையில் கவிழ்த்தாள். தெரு உருண்டு உருண்டு சிரித்தது. வேறு போக்கிடம் இல்லை. நனைந்த பையோடு வீட்டுக்கே வந்தான். அய்யம்மாள் சோறு போட்டாள்.

வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், அடுத்த வாரம் அதே கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். வேனில் ஏறி உட்கார்ந்து, அவன் மெட்டிலேயே எடுத்தாள்.

"மீதி வயசத் தங்கச்சி தள்ளிட்டா
வீதியில கெடந்தா நாயும் மோக்கல."

பெண்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு கை தட்டினார்கள். தினமும் அதே பாட்டு. வேற வேனில் ஏற்றிவிடச் சொல்லி நாகையா மேஸ்திரியிடம் கெஞ்சினான். எல்லா வேனிலும் அதைத்தான் பாடுகிறார்கள் என்றார் அவர்.

ஒருநாள் சாப்பிடும்போது, "போதும் அய்யம்மா" என்றான்.

"மீதிய யாருக்குக் குடுக்கன்னு ஊரெல்லாம் கேட்டீக. எங்கிட்ட ஒரு வாட்டி கேட்டீகளா?"

மறுநாள் வேன் ஊர் எல்லையைத் தாண்டும் முன்னே அவள் அதே பாட்டைப் பாட ஆரம்பித்தாள்.